சிகிச்சை தொடங்கும் முன்பே இவ்வளவு அசதி: மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்?

குழித்துறை மகள் · ஜூன் 3, இரவு 9:10

அம்மைக்கு 58 வயது, எடை 46 கிலோ. கர்ப்பப்பை வாய்ப் புற்று. திருவனந்தபுரத்தில் காட்டுகிறோம். கதிர்வீச்சும் அதோடு வாரம் ஒரு கீமோவும் என்று முடிவாகியிருக்கிறது. தொடங்க இன்னும் மூன்று வாரம். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தவள், இப்போது குளித்துவிட்டு வந்தாலே கட்டிலில் சாய்கிறாள். மருந்தே உள்ளே போகவில்லை, இது மனசு தளர்ந்ததுதான் என்கிறார் மாமா. படுக்க விடு என்று பாதிப்பேர், நடக்க வை என்று பாதிப்பேர். அசதி என்று சொன்னால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவார்கள் என்று பயந்து அம்மை டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. எதில் தொடங்குவது?

பகல்நேர வார்டு · ஜூன் 3, இரவு 10:25

மக்களே, முதல் வேலை டாக்டரிடம் சொல்வது. அம்மை பயப்படுவது நேர்மாறாகத்தான் நடக்கும்.

நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்பதற்கு புற்றுநோய் டாக்டர்கள் ஒரு எண் எழுதுவார்கள். 1982-ல் அச்சில் வந்த அளவுகோல் அது. 0 என்றால் பழையபடி எல்லாம் செய்கிறார். 1 என்றால் பாரமான வேலை முடியாது, வீட்டுச் சில்லறை வேலை முடியும். 2 என்றால் தன் காரியத்தைத் தானே பார்ப்பார், வேலைக்குப் போக முடியாது, ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறார். 3 என்றால் அந்த நேரத்தில் பாதிக்கு மேல் கட்டிலோ நாற்காலியோதான். 4 முழுப் படுக்கை. கீமோவை எவ்வளவு தாங்குவார் என்பதை இதை வைத்தும்தான் கணிக்கிறார்கள். வீட்டில் 3-ஆக இருப்பவர் அறைக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றால் அங்கே 1 என்று எழுதப்படும். அதன் விலையை அம்மையின் உடம்புதான் கொடுக்கும்.

இன்னொன்று, இந்த நோயில் சிகிச்சைக்கு முன் வரும் அசதிக்குப் பெரும்பாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்றாவது இருக்கும். இரத்தப்போக்கு முதலாவது. எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி கட்டியாகப் போகிறதா என்று எழுதி வையுங்கள். ஹீமோகுளோபின் குறைந்தால் குளிப்பதே மலையேறுவது போல ஆகிவிடும். இரண்டாவது சிறுநீரகம். கட்டி பக்கவாட்டில் பரவிச் சிறுநீர்க்குழாயை அழுத்தினால் சிறுநீரகம் வீங்கும், இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். வலியே இல்லாமல் அசதி, குமட்டல், கால் வீக்கம் என்று மட்டும் தெரியலாம். வாரக் கீமோவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து, ஆகவே இது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். மூன்றாவது கிருமித்தொற்று. வெள்ளைப்பாடு நாற்றமடித்து, மாலையில் லேசாக உடம்பு சுட்டால் சும்மா விடக்கூடாது.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனைகள்: முழு இரத்த எண்ணிக்கை, பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), கிரியாட்டினின், சோடியம் பொட்டாசியம், கால்சியம், ஆல்புமின், சர்க்கரை, தைராய்டுக்கு டி.எஸ்.எச். பாதி ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், கோப்பைப் புரட்டிப் பாருங்கள்.

பகல்நேர வார்டு · ஜூன் 3, இரவு 10:40

அவசர அடையாளங்களைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைவது, 100.4 டிகிரி பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, பேச்சு குழறுவது அல்லது ஆள் தெரியாமல் போவது, சிறுநீர் அறவே குறைவது, முதுகுவலியோடு கால் மரத்துப்போவது. இதில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ நேரே திருவனந்தபுரத்துக்கோ கிளம்புங்கள்.

அசைவு · ஜூன் 4, காலை 6:50

படுக்கவா நடக்கவா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும்தான், ஆனால் அளந்து. புற்றுநோய் அசதியில் முழு ஓய்வு அசதியைக் கூட்டும். படுக்கையிலேயே கிடந்தால் தொடைத்தசை சில நாளிலேயே இளக ஆரம்பிக்கும், பிறகு கழிப்பறைக்குப் போவதே பெரிய வேலையாகத் தெரியும். இதுவரை நடந்த ஆய்வுகளில் அசதியைக் குறைக்க மிக உறுதியாக நிற்பது உடற்பயிற்சிதான்.

எப்படி: வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம், காலை ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இரண்டு மூன்று நாள் தாங்கினால் ஒவ்வொரு நடையிலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடந்த அசதி அரை மணி நேரத்தில் இறங்காவிட்டாலோ மறுநாளும் தொடர்ந்தாலோ பழைய அளவுக்கு வந்துவிடுங்கள். நிறுத்த வேண்டாம்.

தொடைக்கு: சுவரோடு சேர்த்துப் போட்ட, அசையாத நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேண்டாம். நுனியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பகலம் வைத்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து, மெல்ல உட்கார வேண்டும். ஐந்து முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஐந்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். கையை ஊன்றி எழுந்தாலும் குற்றமில்லை. பலர் செய்யும் தவறு, உட்காரும்போது தொப்பென்று விழுவது. தசைக்கு வேலையே அந்த இறக்கத்தில்தான்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றாலோ, இரத்தப்போக்கு கூடியிருந்தாலோ, காய்ச்சல், தலைசுற்றல் என்றாலோ அன்றைக்குப் பயிற்சி கிடையாது. கட்டிலிலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைத்தால் போதும்.

உணவுக்கணக்கு · ஜூன் 4, காலை 11:15

46 கிலோ என்பது பழைய எடையா, இப்போதைய எடையா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, ஆறு மாதத்தில் நூற்றுக்கு 10 குறைந்திருந்தால் அது கோப்பில் ஏற வேண்டிய செய்தி.

கணக்கு இப்படி: கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். அம்மைக்கு நாளொன்றுக்குப் புரதம் 55-லிருந்து 69 கிராம் வருகிறது. நம் ஊர் வீடுகளில் நோயாளிக்குக் கொடுப்பது என்ன? தெளிந்த கஞ்சி, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். நூறு கிராம் மரச்சீனியில் புரதம் ஒரு கிராம் சொச்சம்தான். வயிறு நிரம்பும், தசைக்கு ஒன்றும் போய்ச்சேராது. ஆனால் அதே கிழங்கோடு சாளை மீன் கறி இருந்தால் கதை வேறு. சதை நூறு கிராம் எடுத்தால் 18, 20 கிராம் புரதம் கிடைத்துவிடும். முட்டை இரண்டு 12. பால் 400 மில்லி 13. சிறுபயறு உலர் எடையில் 50 கிராம் 12. வேர்க்கடலை ஒரு கைப்பிடி 6. இத்தனையும் சேர்த்தாலே அறுபதைத் தாண்டும், சோறு தனி.

மூன்று வேளைத் தட்டைப் பெரிதாக்கினால் நடக்காது, அசதியில் மெல்லவே முடியாது. இரண்டரை மணிக்கொரு தரம் சின்னக் கிண்ணம். கஞ்சியைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதிலேயே பயறைக் குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு கரண்டி தேங்காய்ப் பாலோ ஒரு தேக்கரண்டி நெய்யோ விடுங்கள். காலையில்தான் பலருக்குப் பசி சற்று இருக்கும், கனமானதை அப்போது கொடுத்துவிடுங்கள். முன்னிரவில் வாய் கசக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்குத் திடீரென்று முழு அளவு ஊட்டக்கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி இதயத்துடிப்பே தடுமாறும். அப்படிப்பட்டவர்களுக்குப் பாதி அளவில் தொடங்கி, தயமின் (பி1 வைட்டமின்) கொடுத்து, இரத்தம் பார்த்துத்தான் ஏற்றுவோம். அது மருத்துவமனையில் செய்யும் வேலை.

மருந்துக்கடை மேசை, களியக்காவிளை · ஜூன் 4, இரவு 8:05

அம்மை எடுக்கும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டுங்கள். அசதிக்குக் காரணம் பல நேரம் அந்தப் பைக்குள்ளேயே இருக்கும்.

பழைய எடைக்கு எழுதிய பிரஷர் மாத்திரை இப்போதைய எடைக்கு அதிகமாகப் போகலாம். படுத்த நிலையில் ஒரு தரம், எழுந்து நின்று மூன்று நிமிடத்தில் ஒரு தரம் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் சொல்லியாக வேண்டும். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு எடுப்பவர் சாப்பாடு குறைந்த பிறகும் அதே அளவில் எடுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடும். வேர்வை, நடுக்கம், அசதி. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். மெட்பார்மின் வருடக்கணக்கில் எடுத்தவர்களுக்கு பி12 குறையும், அதுவும் அசதிதான். சளி, அரிப்பு மாத்திரைகள் தூக்கத்தை இழுத்துவரும்.

இடுப்புவலிக்கு டைக்ளோபினாக் என்று எங்கள் கடைக்கே வந்து கேட்பார்கள். இந்த நோயில் சீட்டில்லாமல் அதை வாங்கவே வாங்காதீர்கள். சிறுநீரகம் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கலாம், இரத்தப்போக்கையும் அது கூட்டும். பாரசிட்டமால் கொடுப்பதற்கு முன் காய்ச்சல் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாத்திரை காய்ச்சலை மூடி மறைத்துவிடும்.

இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில், எலுமிச்சை நீரோடு. கட்டன் சாயாவுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் இடைவெளி. கால்சியம் மாத்திரைக்கும் அப்படியே. தைராய்டு மாத்திரை எடுத்தால் நான்கு மணி நேரம்.

பகல்நேர வார்டு · ஜூன் 4, இரவு 9:30

மருந்துக்கடை நண்பர் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். வெறும் வயிற்றில் இரும்பு எடுத்தால் பலருக்குக் குமட்டும், இரண்டாம் நாளே நிறுத்திவிடுவார்கள். குமட்டினால் சாப்பாட்டோடு கொடுங்கள். உறிஞ்சுவது குறையும், ஆனாலும் நிறுத்திவிடுவதைவிட நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் உடனே சொல்லி மருந்து வாங்குங்கள்.

பெரிட்டின் பார்க்காமல் இரும்பு வாங்கிக் கொடுப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. நோயின் அழற்சியால் வந்த இரத்தசோகையில் பெரிட்டின் கூடித்தான் இருக்கும், மாத்திரையால் பெரிய பலன் இராது.

செங்கோட்டைப் பாதை · ஜூன் 5, காலை 5:55

எல்லாரும் உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், அலைச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மூன்று வாரத்தில் ஸ்கேன், பல் பரிசோதனை, மயக்கமருந்து டாக்டர், கதிர்வீச்சுக்கு முன் அளவெடுக்கும் சி.டி. என்று எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஓட வேண்டியிருக்கும். சிலவற்றுக்குப் பட்டினி. புற்று எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் மட்டும். இரண்டு பட்டினிப் பரிசோதனை அடுத்தடுத்த நாளில் வந்தால் 46 கிலோ ஆளை அது முறித்துப்போடும். தேதி கொடுக்கும்போதே "தூரத்திலிருந்து வருகிறோம், ஒரே நாளில் சேர்த்துத் தர முடியுமா, காலையில் முதல் ஆளாகப் போட முடியுமா" என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். பட்டினி முடிந்த மறுநிமிடம் சாப்பிட அவித்த முட்டையும் ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) பையில் இருக்கட்டும். கேண்டீன் வரிசையில் நிற்க வேண்டாம்.

பஸ்ஸைவிட ரயில் நல்லது, கழிப்பறை இருக்கிறது. தம்பானூரில் இறங்கி மெடிக்கல் காலேஜ் ஐந்தாறு கிலோமீட்டர், அங்கே பஸ்ஸில் தொங்காமல் ஆட்டோ பிடியுங்கள். ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனை அந்த வளாகத்துக்குள்தான். உள்ளே நுழைந்ததும் சக்கர நாற்காலி கேளுங்கள். நடக்கத் தெரிந்தவருக்கு எதற்கு என்று அம்மை கூச்சப்படுவார். நீண்ட நடைவழியிலும் வரிசையிலும் தீரும் பலம் வீட்டில் முற்றத்து நடைக்கு மிஞ்சட்டும்.

ரயில்வேயில் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும்போது ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழு விலக்கு, கூடப்போகும் ஒருவருக்கு நூற்றுக்கு 75. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75. மருத்துவமனையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய உரிய படிவம் வேண்டும்.

அசைவு · ஜூன் 5, காலை 7:20

சக்கர நாற்காலி விஷயத்தில் செங்கோட்டைக்காரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பெட் ஸ்கேனுக்கு முந்தைய 24 மணி நேரம் நாற்காலிப் பயிற்சியும் வேண்டாம், உழைத்த தசை படத்தில் ஒளிரும்.

வீட்டிலும் அதே கணக்குதான். குளிப்பது நின்றபடி வேண்டாம், முக்காலி போட்டு உட்கார்ந்து. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் இரத்தக்குழாய் விரிந்து தலைசுற்றும், இளஞ்சூடு போதும். குளித்தவுடன் உடை மாற்றி, தலை துவட்டி, சமையலறைக்குள் போவது என்று ஒரே மூச்சில் செய்வதால்தான் சாய்கிறார். குளியலுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்காரட்டும். குளியலை மாலைக்கு மாற்றினாலும் நல்லது, காலைப் பலம் சாப்பாட்டுக்கும் நடைக்கும் கிடைக்கும். தேங்காய் துருவுவது, தண்ணீர் கோருவது, துணி பிழிவது மூன்றும் கைமாற வேண்டியவை. காய் நறுக்குவது உட்கார்ந்தபடி அம்மையிடமே இருக்கட்டும். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் அம்மை எழுந்திருக்கவே காரணம் இராது.

பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம்.

குழித்துறை மகள் · ஜூன் 9, இரவு 8:45

டாக்டரிடம் சொன்னோம். ஹீமோகுளோபின் 7.6, பெரிட்டின் 9, கிரியாட்டினின் 0.9. தைராய்டு சரி. நாளை இரத்தம் ஏற்றப்போகிறார்கள். சிகிச்சை தள்ளிப்போகவில்லை. அம்மை ராத்திரி தூங்குவதில்லை, நாலைந்து தரம் சிறுநீர் கழிக்க எழுகிறாள். இன்னொன்று, தினமும் யாராவது பார்க்க வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் போனபிறகு பிணம்போல் கிடக்கிறாள்.

பகல்நேர வார்டு · ஜூன் 9, இரவு 9:50

கிரியாட்டினின் 0.9 என்பது பெரிய ஆறுதல். பெரிட்டின் 9 என்றால் இரும்பு வற்றிப்போயிருக்கிறது, இரத்தம் போய்த்தான் இந்த அசதி. மாமாவிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

ஒரு பை இரத்தம் ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம் ஏற்றும். கதிர்வீச்சுக் காலத்தில் பல மையங்களில் 10-க்கு மேல் வைத்திருக்கப் பார்ப்பார்கள், ஆகவே ஒன்றோடு முடியாது. ஏறும்போது குளிர், நடுக்கம், முதுகுவலி, அரிப்பு எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், முதல் கால் மணி நேரம் முக்கியம். அதே நாளில் இரண்டு கேள்வி கேளுங்கள். இரத்தப்போக்கைக் குறைக்க மருந்து உண்டா? இரும்பை மாத்திரையாக அல்லாமல் ஊசிவழி ஏற்ற முடியுமா? போக்கு நிற்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான், நேரமும் குறைவு.

சிறுநீருக்கு அடிக்கடி எழுவதற்குத் தொற்று காரணமா என்று சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்குள் பெரும்பங்கைக் குடித்து முடிக்கட்டும். ராத்திரி வலியால் விழிப்பு என்றால் வலி வந்தபின் மாத்திரை கொடுப்பதை விட்டு, டாக்டர் எழுதிய மணிக்கணக்கில் கொடுங்கள்.

வருகிறவர்களுக்கு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை என்று நேரம் வையுங்கள். வாசலில் நின்று சொல்ல வேண்டியது நீங்கள், அம்மை அல்ல. வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் முட்டையோ ஒரு நாள் மீன்கறியோ கொண்டு வந்தால் அது உதவி. பாட்டி வைத்தியப் பொடி, கசாயம், பப்பாளி இலைச்சாறு எதுவும் சிகிச்சை முடியும் வரை வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டமாட்டார்கள்.

இரத்தம் ஏறி, தூக்கம் சரியாகி, அப்படியும் எதிலும் பிடிப்பில்லாமல், விருப்பமான ஆள் வந்தால்கூட முகம் திரும்பாமல் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்றுதான். மருத்துவமனையிலேயே ஆலோசகரைக் கேளுங்கள்.

உணவுக்கணக்கு · ஜூன் 10, காலை 10:30

கிரியாட்டினின் தெரிந்துவிட்டதால் புரதக் கணக்கில் மாற்றமில்லை. சிறுநீரகம் கெட்டிருந்தால் இளநீர், ஏத்தன்பழம் இரண்டையும் பொட்டாசியத்துக்காக நிறுத்தச் சொல்லியிருப்பேன், அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. முருங்கைக்கீரை நல்லது, ஆனால் பெரிட்டின் 9-ஐக் கீரையால் தூக்க முடியாது.

குழித்துறை மகள் · ஜூன் 16, இரவு 9:15

இரண்டு பை ஏற்றினார்கள், ஊசிவழி இரும்பும் போட்டார்கள். இப்போது 9.8. குளித்துவிட்டு வந்து தானே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். எட்டு நிமிடம் நடக்கிறாள். அடுத்த குழப்பம்: கதிர்வீச்சு 25 நாள், திங்கள் முதல் வெள்ளி. தினமும் குழித்துறையிலிருந்து போய் வரலாமா, அங்கேயே அறை எடுக்கலாமா?

செங்கோட்டைப் பாதை · ஜூன் 16, இரவு 10:05

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியே எழாது, மலை ஏறி இறங்கித் தினமும் போய்வர முடியாது. உங்களுக்கு முடியும் என்பதுதான் சிக்கல். கதிர்வீச்சு சில நிமிடம், பயணமும் காத்திருப்பும் சேர்ந்து பாதி நாள் போய்விடும். மூன்றாம் வாரத்திலிருந்து அசதியும் வயிற்றுப்போக்கும் கூடும்போது அந்தப் பயணம்தான் ஆளைச் சாய்க்கும். முதல் இரண்டு வாரம் போய்வந்துவிட்டு, மூன்றாம் வாரம் முதல் வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பது பலருக்கு ஒத்துவருகிறது. அறையை இப்போதே பேசி வையுங்கள், அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது. தரைத்தளம், மேற்கத்தியக் கழிப்பறை, அடுப்பு வைக்க இடம், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சமூகப்பணிப் பிரிவில் கேட்டால் குறைந்த செலவில் தங்குமிடம் எங்கே என்று சொல்வார்கள்.

பகல்நேர வார்டு · ஜூன் 16, இரவு 10:30

அறைதான் என் விருப்பமும். காரணம் அசதி மட்டுமல்ல. வெளிக்கதிர்வீச்சும் அதன்பின் உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், நடுவில் நாள் விட்டால் பலன் குறையும். பயண அசதியால் ஒரு நாள், மழையால் ஒரு நாள் என்று விட ஆரம்பித்தால் அது கூடிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் ரயில் பிந்துவதையும் கணக்கில் வையுங்கள்.

கீமோ நாளுக்கு முந்தைய நாள் இரத்தப் பரிசோதனை இருக்கும். அதைக் காலையிலேயே கொடுத்துவிட்டால் மதியம் படுக்கலாம். அம்மையின் அசதி எண்ணை, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், தினமும் ஒரே நேரத்தில் கேட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். 4 வந்தால் அடுத்த வருகையில் சொல்லுங்கள். 7 வந்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் அந்த நாட்காட்டியைக் குத்தி வைத்தால் டாக்டர் கேட்காமலே கண்ணில் படும்.